ஊவா மலையில் போர்க்கவிதை

பழந்தமிழ்ப் போர்க்கவிதையைப் பாடநூலில் மட்டும் படித்து முடித்த மாணாக்கன் ஒருவனிடம் அந்தப் போர்கள் நடந்த இடங்கள் எவை என்று கேட்டால், வெண்ணி என்றும் தலையாலங்கானம் என்றும் பிழையின்றிச் சொல்லிவிடுவான். ஆனால் பதுளையில் பஸ் ஏறி, ஹாலிஎலவையும் பண்டாரவளையையும் கடந்து, தியத்தலாவையில் உள்ள தன் சித்தப்பா வீட்டுக்குப் போய்வருகிற அதே மாணாக்கன், அந்தச் சிறு பிரயாணத்தில் ஏறக்குறைய நான்கு நூற்றாண்டு யுத்தங்களின் சுவடுகளைக் கடந்து போகிறான் என்பதை யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. உயர்தர வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளைகளை ஒரு நாள் வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று, போர்க்கவிதை என்பது யாருடைய குரல் என்ற கேள்வியை ஊவா மண்ணிலேயே நிறுத்திக் கேட்க முடியும் என்பதும், அக்கேள்விக்கு அந்த மண் தரும் விடை நம் பழைய இலக்கணத்தின் விடையோடு ஒத்துப்போகிறது என்பதும் இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்பும் கருத்துக்கள்.

இத்தகைய பிரயாணம் மேலைநாட்டுக்குப் புதியதன்று. முதல் உலகப் போரின் கவிதைகளைப் படிப்பிக்கும் ஆங்கில நாட்டு ஆசிரியர்கள் தம் வித்தியார்த்திகளைப் பெல்ஜியம் தேசத்து ஈப்பர் நகரத்துக்கு அழைத்துச் செல்வது நெடுநாளைய வழக்கம். அங்கே மெனின் வாயில் என்ற பெரிய வளைவில், அடக்கம் செய்வதற்கு உடலும் கிடைக்காமற் போன 54,000-க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1928 முதல், ஜெர்மானியர் அந்நகரைப் பிடித்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, அந்திதோறும் எட்டு மணிக்கு எக்காளம் ஊதப்படுகிறது. போர் ஓய ஒரு வாரமே இருந்தபோது, 1918 நவம்பர் 4-ஆம் திகதி மாண்டுபோன வில்பிரெட் ஓவனின் கவிதையை அந்தப் பெயர்களுக்கு நடுவே நின்று வாசிக்கும் பிள்ளைக்கு, அது பரீட்சைக்குரிய பாடமாக மட்டும் தோன்றாது. நாம் அவர்களைப் பார்த்து ஈப்பருக்குப் போக வேண்டியதில்லை; நமக்கென்று ஒரு நிலமும், அந்த நிலத்தைப் படிக்கும் ஓர் இலக்கணமும் இருக்கின்றன.

நிலமும் திணையும்

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885-இலும், உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894-இலும் அச்சேற்றிய பிறகுதான், தமிழரின் போர்க்கவிதை மரபு முழுமையாகக் கற்கக் கிடைத்தது. அம்மரபின் அபூர்வமான அம்சம் ஒன்றை நம் வகுப்புக்கள் விரைந்து கடந்துவிடுகின்றன. தொல்காப்பியர் போரைத் தனித்த ஒரு வியவகாரமாக வைக்கவில்லை. அகத்திணை ஒவ்வொன்றுக்கும் ஒரு புறத்திணையைச் சோடி சேர்த்தார். முல்லைக்கு வஞ்சி, மருதத்துக்கு உழிஞை, நெய்தலுக்குத் தும்பை, பாலைக்கு வாகை என்று வகுத்தவர், மலைநிலமான குறிஞ்சிக்கு வெட்சியைச் சேர்த்தார். பகைவர் அறியாமல் இரவிலே ஆநிரை கவர்வது வெட்சி. ஊரார் அறியாமல் மலைச்சாரலில் இரவிலே கூடுவது குறிஞ்சி. இரண்டிலும் களவு உண்டு என்பது உரைகாரர் காட்டும் பொருத்தம். காதல் நிகழ்ந்த அதே மண்ணில்தான் போரும் நிகழ்கிறது என்ற இந்த ஞானம், தேயிலை மலையில் வாழும் பிள்ளைக்கு உடனே விளங்கக்கூடியது.

அதே வெட்சித்திணையில் நடுகல்லும் அடங்குகிறது. கல்லைத் தேர்ந்து காண்பது முதல், அதை நீராட்டி, நட்டு, சிறப்புச்செய்து, வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளை இலக்கணம் வரிசைப்படுத்துகிறது. வெற்றியின் ஆரவாரத்தை வாகையில் வைத்த இலக்கணம், நிலையாமையைச் சொல்லும் காஞ்சித்திணையிலே, கணவனை இழந்தவளின் துயரத்தையும், இறந்தோரைக் குறித்து இருப்போர் புலம்பும் கையறுநிலையையும் வைத்தது. ஆகவே நம் போர் இலக்கணத்துக்குள்ளேயே இரண்டு குரல்கள் உள்ளன: ஒன்று அரசனின் பக்கத்தில் நிற்கும் குரல், மற்றொன்று எல்லாம் முடிந்தபின் எஞ்சி நிற்பவரின் குரல்.

புறநானூற்றில் இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காட்டலாம். பாண்டியன் நன்மாறனைப் பாடும் காரிக்கண்ணனார், பகைவர் விளைநிலங்களைக் கொள்ளையிடுவதையும் அவர்தம் பேரூர்களை எரியூட்டுவதையும் தடுக்கவில்லை; காவல்மரங்களை மட்டும் வெட்டவேண்டாம் என்கிறார், அதற்கும் அரசனுடைய யானைகளைக் கட்டும் தறி குறித்த ஒரு புகழ்ச்சியையே காரணமாக்குகிறார். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்ற கோவூர் கிழாரோ, போரிடும் இருவரும் ஒரே ஆத்திமாலை அணிந்த சோழர்கள், எவர் தோற்றாலும் தோற்பது ஒரே குடி என்று சொல்லிப் போரையே மறுக்கிறார். இரண்டும் வஞ்சித்திணைப் பாடல்கள். இவற்றுக்கு அப்பால், மூவேந்தரும் முற்றிய பறம்பு மலையில் தந்தையையும் இழந்து மலையையும் இழந்த பாரி மகளிர், சென்ற மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் வைத்து ஐந்தே அடிகளில் புலம்பிய கையறுநிலை இருக்கிறது. உழவர் உழாமலே மூங்கிலரிசியும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் மலை என்று கபிலர் பாடிய பறம்பு அது. க. கைலாசபதி 1968-இல் வெளியான தம் ஆங்கில ஆய்வு நூலில் இப்பாடல்களைக் கிரேக்க வீரயுகத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். வீரயுகத்தின் வீரத்தைக் காட்டிலும் அதன் எஞ்சியோர் குரலே ஊவாவுக்கு நெருக்கமானது என்பது என் துணிபு; அதற்கான சான்றுகளை வழியெங்கும் காணலாம்.

பதுளை: கல்லில் எழுதியதும் எழுதாததும்

பிரயாணத்தின் முதல் தரிப்பு பதுளை நகரமேயாகலாம். 1630 ஆகஸ்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா ஊவாவினுட் புகுந்து பதுளையை எரித்தான். திரும்பும் வழியில், வெல்லவாயப் பக்கத்து ரந்தெனிவெலவில், செனரத் மன்னனின் புதல்வர்கள் நடத்திய படை அவனைச் சூழ்ந்தது. அவனோடு வந்த சுதேச வீரர்கள் அணிமாறினர். அவன் அங்கேயே மாண்டான். அந்த நூற்றாண்டில்தான் சிங்களத்தில் ‘ஹட்டன’ என்னும் போர்க்காவிய வகை தழைத்தது. பரணியை அறிந்த தமிழ் வாசகனுக்கு அதன் ஆரவாரம் அந்நியமாக இராது. தோற்ற பக்கத்திலும் ஓர் எழுத்து உண்டு: மாண்ட தளபதியின் மகன் தன் தந்தையின் கதையை ஸ்பானிய மொழியில் எழுதி 1681-இல் லிஸ்பனில் வெளியிட்டான். வென்றவன் காவியம் செய்ய, தோற்றவன் மகன் தந்தையின் நினைவைச் செய்தான். தமிழ் வகுப்பும் பக்கத்துச் சிங்களப் பள்ளியின் வகுப்பும் சேர்ந்து இத்தரிப்புக்கு வந்தால், ஹட்டனவை ஒருவரும் பரணியை ஒருவரும் வாசித்துக் காட்ட, இரண்டு மொழியும் ஒரே வாகையைச் சூடியிருப்பது இரு வகுப்புக்கும் தெரியவரும்.

இரண்டாவது யுத்தம் 1817-இல் வெல்லஸ்ஸவில் மூண்டது. பதுளையிலிருந்த ஆங்கில அதிகாரி டக்ளஸ் வில்சன் செப்டெம்பரில் கொல்லப்பட்டான். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிபொல, ஆங்கிலேயரின் ஆயுதங்களைத் திருப்பியனுப்பிவிட்டுக் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்தான். தேசாதிபதி பிரவுன்ரிக்கின் படைகள் கிராமங்களைக் கொளுத்தி, நெற்களஞ்சியங்களையும் நீர்ப்பாசனத்தையும் அழித்து, கால்நடைகளைக் கொன்று, ஊவாவை வெறும் நிலமாக்கின. காரிக்கண்ணனார் தம் பாட்டில் தடையின்றி விட்டுவிட்ட அதே எரியூட்டலும் கொள்ளையும் இங்கே சரித்திரமாக நிகழ்ந்தன. அன்றைய ஊவாவில் காவல்மரத்துக்குக்கூடப் பரிந்துபேசப் புலவர் இல்லை. கெப்பெட்டிபொல 1818 நவம்பர் 26-ஆம் திகதி கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டான். அவனுடைய கபாலம் ஆராய்ச்சிப் பொருளாகப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1954-இல்தான் இலங்கைக்குத் திரும்பிவந்தது. 

இந்தச் சரித்திரத்தைச் சொன்ன கையோடு, இரண்டாவது தரிப்பாக, மாணாக்கரைப் பதுளையின் புனித மாற்குத் தேவாலயத்துக்குள் அழைத்துச் செல்லவேண்டும். 1857-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்தச் சிறு கோயிலின் சுவரிலே ஒரு பலகை இருக்கிறது. மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற உதவி அரசாங்க அதிபரின் நினைவாக அவருடைய நண்பர்களும் அபிமானிகளும் அக்கோயிலை எழுப்பினார்கள் என்றும், அவர் 1845 ஜூன் 7-ஆம் திகதி ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார் என்றும் அது சொல்கிறது. அந்த மனிதர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று பேர்பெற்றவர். போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனுக்கே பரணி உரியது என்பது நம் பாட்டியல் விதி. அந்த விதியின்படி கலிங்கம் வென்றவன்மேல் சயங்கொண்டார் பாடினார். ஆயிரம் யானை கொன்றும் போர்க்களம் காணாத ஒருவருக்குச் சுவரில் நடுகல் வாய்த்திருக்கிறது. ஊவாவின் வயல்களோடு எரிந்துபோன ஜனங்களுக்கு அந்த ஊரில் அப்படியொரு பலகை இல்லை. பலகையின் எதிரில் நின்றபடி, இதில் வாகை எது, காஞ்சி எது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். திணை இலக்கணம் மனப்பாடத்திலிருந்து இறங்கிக் கண்முன் வந்து நிற்கும்.

தியத்தலாவை: முள்வேலியும் துண்டும்

மூன்றாவது தரிப்பு தியத்தலாவை. இன்று இராணுவக் கல்லூரி இருக்கும் அந்தப் பத்தனாப் புல்வெளியில், 1900 ஆகஸ்ட் முதல், தென்னாபிரிக்காவில் ஆங்கிலேயரோடு போரிட்டுச் சிறைப்பட்ட போயர்கள் ஏறத்தாழ ஐயாயிரம்பேர் தகரக் கொட்டகைகளில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டனர். அவர்கள் அங்கே தச்சு வேலை செய்தார்கள், மரத்தில் சித்திரப் பொருள்கள் செதுக்கினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், கையெழுத்துப் பத்திரிகைகளும் வெளியிட்டார்கள். 1901 ஜூலையில் கொழும்புக்கு இறங்கி ஒரு கிரிக்கெட் ஆட்டமும் ஆடினார்கள். அவர்களுடைய சொந்த நாட்டிலோ ஆங்கிலப் படை பண்ணை வீடுகளைக் கொளுத்திக்கொண்டிருந்தது. அடைப்பு முகாம்களில் 26,000-க்கு மேற்பட்ட பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். வெல்லஸ்ஸவில் எண்பது ஆண்டுக்குமுன் மூட்டிய அதே நெருப்பு அது. அதற்கு இரையான குடும்பத்தின் கடிதத்தை எதிர்பார்த்து ஊவா மலையிலேயே காத்திருந்தவர்கள் அந்தக் கைதிகள். நூற்றுக்கு மேற்பட்டோர் தியத்தலாவையிலேயே, பெரும்பாலும் விஷக்காய்ச்சலால், இறந்தார்கள். அவர்களின் பெயர்கள் அங்குள்ள மயானத்துக் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இராணுவப் பிரதேசமாதலின் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் உலகக் கவிதை ஒன்றை வாசிப்பதில் அர்த்தமுண்டு. அந்தப் போரில் இறந்து ஆபிரிக்கப் புல்வெளியில் சவப்பெட்டியும் இன்றிப் புதைக்கப்பட்ட, தன் தலைமேல் ஒளிரும் தென்திசை நட்சத்திரங்களின் பெயர்கூட அறியாத, ஓர் ஆங்கிலக் கிராமத்துப் பேரிகைச் சிறுவனைத் தோமஸ் ஹார்டி 1899-இல் பாடினார். ஆபிரிக்க நட்சத்திரங்களின் கீழ் ஆங்கிலச் சிறுவன் கிடக்க, ஊவா நட்சத்திரங்களின் கீழ் ஆபிரிக்க உழவன் கிடக்கிறான். தோற்ற போயரின் மொழியான ஆபிரிக்கான்ஸ், அந்தத் தோல்வியின் பின்னரே தன் முதற் பெருங்கவிதைகளைக் கண்டது. செலியர்ஸ், தோத்தியஸ், லெய்போல்ட் ஆகியோரின் அந்த ஆண்டுகளின் புகழ்பெற்ற கவிதைகளில் வெற்றி முழக்கம் இல்லை, இழந்த வீட்டைப் பார்த்த கண்கள் இருக்கின்றன. இலக்கணத்தில் காஞ்சி என்ற பெயரை அவர்கள் கேட்டதில்லை, காஞ்சியைத்தான் எழுதினார்கள்.

தியத்தலாவையை விட்டு நகரும் முன், மலைச்சரிவைக் கீழ்நோக்கிப் பார்க்கச் சொல்லவேண்டும். முள்வேலிக்குள் இருந்தவர்கள் 1902-இல் சமாதானம் ஏற்பட்டதும் ஊருக்குத் திரும்பினார்கள். முள்வேலி இல்லாத தேயிலைச் சரிவில் கொழுந்து கிள்ளிய நம் பாட்டன் பாட்டியோ, கடன் தொகையைச் செலுத்தினால் விடுவிப்பதாகத் தோட்ட நிர்வாகம் எழுதிக்கொடுக்கும் துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாதவர்களாக இருந்தார்கள். அந்தத் துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது. கைதியின் கதையில் கைதியென்று பெயர்பெறாதவர்களும் இருந்தார்கள் என்பதை நூல் சொல்லாது. அந்த மலைச்சரிவு சொல்லும்.

லயத்துக்குத் திரும்பும் வழி

நான்காவது தரிப்புக்குப் போக வேண்டிய தூரம் அதிகமில்லை. பிள்ளைகள் புறப்பட்டு வந்த லயமே அது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் மூன்றாவது பெருங்கூத்து பொன்னர் சங்கர். கொங்கு நாட்டுச் சகோதரர் இருவர் வேட்டுவரோடும் தலையூர்க் காளியோடும் பொருது, இறுதியில் தம் வாளாலே வீழ்ந்து படும் கதை அது. இரவு முழுதும் தப்பு அதிர்ந்து, வாளோடு வாள் மோதி, வீரவசனம் பொழிந்து முடிந்தபின், விடியற்காலைக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் பெண்கள் காத்திருப்பது அந்த வீரத்துக்காக அன்று. தங்கை அருக்காணித் தங்காள் படுகளத்தில் ஒவ்வொரு பிணமாகப் புரட்டிப் புரட்டி அண்ணன்மாரைத் தேடும் காட்சிக்காக. அவள் குரல் எழும்பும்போது தப்பு தணிந்துவிடுகிறது. அதுவரை கதை கேட்டுக்கொண்டிருந்த கிழவிகள் அப்போது அவளோடு சேர்ந்து மூக்கைச் சிந்துகிறார்கள். புறநானூற்றுப் பாரி மகளிருக்கும் இந்தத் தங்காளுக்கும் இடையில் இரண்டாயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. துறை மட்டும் மாறவில்லை.

தங்காளின் புலம்பலே லயத்தின் சாவு வீட்டில் ஒப்பாரியாகிறது. சாவு மட்டும் அதற்குக் காரணமாக இருந்ததில்லை. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் கையொப்பமிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபின், தலைமன்னாருக்குப் போகிறவர்களை ஏற்றிச்சென்ற ரயிலை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். 1977-இலும் 1983-இலும் நிகழ்ந்த வன்செயல்களால் மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடிபெயர்ந்த தோட்டக் குடும்பங்கள், பிறகு 2009 வரை நீண்ட யுத்தத்தின் நடுவே அகப்பட்டன. பண்டாரவளைக்குப் பக்கத்துப் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், 2000 ஒக்டோபர் 25-ஆம் திகதி காலை, இருபத்தைந்துக்கு மேற்பட்ட தமிழ்க் கைதிகளை ஒரு கும்பல் அடித்தும் எரித்தும் கொன்றது. வழக்கில் தண்டனை பெற்றவர்களும் 2005-இல் உச்சநீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்கள். நாம் பஸ்ஸில் கடந்துவந்த பாதைக்கு அருகிலேயே அந்த இடம் இருக்கிறது. வடக்கின் கவிஞர்கள் தம் போரை 1985-இல் ‘மரணத்துள் வாழ்வோம்’ என்ற தொகுப்பிலும், பெண்கள் 1986-இல் ‘சொல்லாத சேதிகள்’ என்ற தொகுப்பிலும் எழுதிவைத்தார்கள். ஊவாத் தோட்டங்களின் துயரம் பெரும்பாலும் ஒப்பாரியாக வாயிலேயே நின்றுவிட்டது, சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்தது போன்ற முயற்சிகள் இல்லாதிருந்தால், அதிலும் பெரும்பகுதி கேட்டவரோடு போயிருக்கும்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். இத்தனை துயரத்தையும் பதினேழு வயதுப் பிள்ளைமேல் ஏற்றுவது தகுமா, அது பழைய பகையைக் கிளறாதா என்று பெற்றோர் கேட்பர். பகையைக் கிளறுவது வாகைக் கவிதை. இது நம்முடைய வெற்றி, அது அவர்களுடைய தோல்வி என்று பிரித்துக் காட்டுவதுதான் அதன் தொழில். ரந்தெனிவெலவில் மாண்டவனின் மகன், கபாலமாய்த் திரும்பிய திசாவை, ஊவாவில் புதைந்த போயர், படுகளத்துத் தங்காள் என்று ஒரே நாளில் நால்வரையும் கண்டுவந்த பிள்ளையால், துயரம் தன் ஜாதிக்கு மட்டும் உரிய சொத்து என்று எண்ண முடியாது. கோவூர் கிழார் இரண்டு சோழர்களுக்கும் சொன்னதும் வேறன்று.

பிரயாணத்தின் பின் தரவேண்டிய வீட்டுவேலை ஒன்றே. புறநானூற்றுப் பாடலின் அடியில் பழைய ஏடு எழுதியோர் நான்கு செய்திகளைக் குறித்துவைத்தார்கள்: திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர். சில பாட்டுக்களில் பாடியவர் பெயர் சிதைந்துபோயிற்று; சிலருக்கு அவர்களுடைய பாட்டிலிருந்த ஒரு தொடரையே பெயராக இட்டார்கள். தொடித்தலை விழுத்தண்டினார் என்ற அழகிய பெயர் அப்படி வந்ததுதான். மாணாக்கர் தம் பாட்டியிடமோ பக்கத்துக் காம்பராவில் உள்ள மூதாட்டியிடமோ போய், ஓர் ஒப்பாரியைக் கேட்டு எழுதி, அதன் அடியிலும் அதே நான்கு குறிப்புக்களை எழுதட்டும். திணை காஞ்சி, துறை கையறுநிலை, பாடப்பட்டவர், வன்னிக்குப் போய்த் திரும்பாத மகனாகவோ ஒப்பாரிக் கோச்சியில் ஏறிப்போன தங்கையாகவோ இருக்கலாம். பாடியவர் என்ற இடத்தில் மட்டும், பழைய ஏட்டாசிரியருக்கு வாய்க்காத பாக்கியம் அந்தப் பிள்ளைக்கு வாய்த்திருக்கிறது: இஸ்தோப்பில் வெற்றிலை இடித்துக்கொண்டு இருக்கும் அவளிடமே பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.